உட்காரக் கூடாத இடங்கள்

உட்காருவதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வருகிற ஊர் திருவண்ணாமலை. செங்கம் சாலையில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பார், காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார், இடம் கிடைக்காவிட்டால் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருப்பார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால், கேட்டவருக்குத்தான் பக்குவம் போதாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

அதே ஊரில், வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக முளைத்த வீட்டு மனைகளுக்கு நடுவே, நாற்பத்திரண்டு பேர் காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நாலரை வரை உட்காராமல் இருந்தார்கள். அவர்கள் கல்விச்சுடர் ஆதிமூலம் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர்கள்.

கல்விச்சுடர் என்பது பட்டம். பள்ளியின் தாளாளர் ஆதிமூலத்துக்கு, பள்ளியின் ஆண்டு விழாவில், பள்ளியின் சார்பாகத் தாளாளர் ஆதிமூலமே வழங்கியது. பள்ளியை விலைக்கு வாங்கும் முன் அவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மண்டியில் ஒரு சட்டம் உண்டு: வேர்க்கடலை மூட்டை மேல் யாரும் குந்தக் கூடாது. குந்தினவன் சாய்வான், சாய்ந்தவன் தூங்குவான். மண்டியை மைத்துனனிடம் விட்டுவிட்டுக் கல்விப் பணிக்கு வந்தபோது ஆதிமூலம் கையோடு கொண்டுவந்த ஒரே கல்விக் கொள்கை அதுதான்.

அவர் வந்த முதல் கோடை விடுமுறையில், பதினொரு வருடத்துக்கு முன், வகுப்பறை நாற்காலிகள் எல்லாம் லாரி ஏறின. ஜூனில் வந்த ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை எண் 7 காத்திருந்தது. 'வகுப்பறையில் நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு, மேசை விளிம்பு, ஜன்னல் கட்டை ஆகிய எதன் மீதும் ஆசிரியர்கள் அமர்தல் கூடாது. சுவரில் சாய்தல் கூடாது. சுவர் அழுக்காகும்.' மதியம் இருபது நிமிடம் மட்டும் மாணவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அது அமர்தல் ஆகாது, உணவருந்துதல் என்று அடிக்குறிப்பில் விளக்கம் இருந்தது.

மேற்பார்வைக்கு வகுப்புக்கு ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். தாளாளர் அறையில் சுவரளவுக்கு ஒரு டிவி. அதில் முப்பத்தாறு சதுரங்கள், சதுரத்துக்கு ஓர் ஆசிரியர், நின்றபடி. யாராவது மேசையில் லேசாக இடுப்பை ஒட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும். "ஆறு ஏ, மேஜ உன்ன தாங்கறதுக்கா இருக்குது? புக்கத் தாங்கறதுக்கு."

லாரி ஏறின நாற்காலிகள் எங்கே போயின என்பது ரகசியமில்லை. பைபாஸ் ரோட்டில் அவர் கட்டிய ஆதிமூலம் மஹாலுக்குப் போயின. அங்கே கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் அறிவியல் ஆசிரியை வேதா, ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கைக்குட்டை கீழே விழுந்து குனிந்தவர், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டார். சிவப்பு நகச்சாயத்தில் 'வேதா 8-பி' என்று எழுதியிருந்தது. பக்கத்து வகுப்புக்காரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள் என்று அவரே எழுதி வைத்தது. அன்றைக்கு அவர் மூன்று பந்தி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இவரைப் பெண்ணுக்கு அத்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேதாவுக்கு வயது நாற்பத்தாறு. அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம். போன மாதம் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைப் புடலங்காய் போல் சுருண்டு எழும்பின.

"எத்தினி வருஷமா நிக்கற வேல?" என்று கேட்டார் டாக்டர்.

"இருபத்திரண்டு வருஷங்க. பதினொண்ணு சேரோட, பதினொண்ணு சேர் இல்லாம."

"இது நரம்பு சுருட்டல். ஒரு பீரியடு நின்னா ஒரு பீரியடு சேர்ல உக்காந்து கால நீட்டணும். முடியலன்னா வேலைய வுட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணும் பண்ணலன்னா புண்ணாகி என்கிட்டயே வந்து படுப்பீங்க."

வீட்டில் கணவர் தருமன், ஆட்டோ ஓட்டுகிறவர், மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நாள் பூரா குந்தி குந்தி மூலம் வந்து கெடக்கறேன். நீ நாள் பூரா நின்னு நின்னு நரம்பு வந்து நிக்கற. ரெண்டு பேரையும் மாத்தி வெச்சா சரியாப் பூடும்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "வேலய வுட்டுட்டா நம்ப பொண்ணு காலேஜி? இன்னும் ரெண்டு வருஷம் கீதே" என்றார்.

எனவே வேதா ஒரு நாற்காலி கேட்டு விண்ணப்பம் எழுதினார். தனக்குத் தெரிந்த ஒரு குறிப்பிட்ட நாற்காலி மஹாலில் இருப்பதாகவும், அதன் அடையாளத்தையும் கூடக் குறித்திருந்தார்.

முதல்வர் சடையன் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். "ஏம்மா, எனக்கே சேர் கெடையாது. என் ரூம்ல வந்து பாத்திருக்கீங்களா? ஹைட்டா ஒரு மேஜ இருக்கும், அதுல சாஞ்சிக்கினு கையெழுத்துப் போடறேன். இத்த நான் எப்படிம்மா அவரு கையில குடுக்கறது?"

"ராஜம்மா உக்கார்றாங்களே சார்."

ராஜம்மாள் பள்ளியின் ஆயா. மாடிப்படிக்கு அடியில் நீலப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, பள்ளியில் வேலை பார்க்கிறவர்களில் இவர் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர்கள் அந்தப் பக்கம் போகும்போது பக்கெட்டைப் பார்க்காமல் போகப் பழகியிருந்தார்கள்.

"அவங்க ஆசிரியர் இல்லயேம்மா. சுற்றறிக்கை ஆசிரியருக்குத்தான். அவங்களுக்கு மரியாத தேவையில்ல, அதனால உக்காரலாம்" என்றார் சடையன். சொன்ன பிறகு அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தை விசாரிக்க ஆசிரியர் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நாற்பத்திரண்டு பேரும் சடையனும் வரிசையாக நிற்பது. எதிரே ஆதிமூலம், முதுகில் பூத்துவாலை போர்த்திய உயரமான நாற்காலியில். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தன் அறைச் சாவியை வேட்டி மடிப்பில் செருகி அதன்மேல் பெல்ட் கட்டிக்கொள்வது மண்டிக் காலத்துப் பழக்கம்.

"கோபுரம் நிக்குது. கொடிமரம் நிக்குது. இம்மாம் பெரிய மல நிக்குது. நிக்கறதுதான் குருவுக்கு அழகு" என்றார் ஆதிமூலம்.

"மல உக்காந்துதான் சார் இருக்குது" என்றார் வேதா.

நாற்பத்தொரு பேர் தரையைப் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியர் இளஞ்செழியன் மட்டும் கை தூக்கினார். அவர் இந்தப் பள்ளியிலேயே படித்து, இந்தப் பள்ளிக்கே வேலைக்கு வந்த இளைஞர். "சார், நிக்கணும்ங்கறதுக்குக் காரணம் இன்னான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"காரணமா? மரபு தம்பி. மரபுக்கு எவனாச்சும் காரணம் கேப்பானா?"

"எத்தினி வருஷத்து மரபுங்க சார்?"

"பதினோரு வருஷம்."

"நான் இங்க பத்தாவது படிச்சப்போ வேதா மிஸ் உக்காந்துக்கினுதான் சார் பாடம் எடுத்தாங்க. அந்த வருஷம் சயின்ஸ்ல ஒருத்தர் கூட ஃபெயில் இல்ல. நின்னு எடுக்க ஆரம்பிச்ச பின்னாடி வருஷத்துக்கு நாலு பேரு. அதனால கேட்டேன்."

ஆதிமூலம் பூத்துவாலையைச் சரிசெய்தார். "கேள்வி கேக்கறது பரீச்சையில. மீட்டிங்ல இல்ல. நிக்க முடியாதவங்க வேலைய வுட்டு நின்னுக்கலாம். முப்பதாம் தேதி வரைக்கும் டைம் தரேன். எனக்கும் மனசாட்சி இருக்குது."

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது இளஞ்செழியன் சுற்றறிக்கை எண் 7-ஐ நோட்டீஸ் போர்டில் இன்னொரு முறை படித்தார். "மிஸ், இதுல அஞ்சு பொருள் இருக்குது. நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு, மேஜ, ஜன்னல். இந்தக் கணத்துல, அதான் மிஸ், இந்த செட்டுல இல்லாதது இன்னா?"

வேதா கீழே பார்த்தார். சிமெண்டுத் தரை. பதினொரு வருடமாகக் காலுக்குக் கீழேயே இருந்தது.

மறுநாள் மூன்றாவது பீரியடில் எட்டு-பி வகுப்பில் வேதா கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். சம்மணம் போட முடியவில்லை. இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். வகுப்புத் தலைவி அபிநயா எழுந்து கேட்டாள்.

"மிஸ், நீங்க கீழ உக்காந்துகினு நாங்க மேல உக்காந்தா மரியாத இல்லியே மிஸ்?"

"அதனால இன்னாடி பண்ணப் போற?"

"நாங்களும் எறங்கறோம் மிஸ்."

நாற்பத்தெட்டுப் பேரும் பெஞ்சுக்கு நடுவே இறங்கிவிட்டார்கள். அன்றைய பாடம் இதயமும் ரத்த ஓட்டமும். "எல்லாரும் மணிக்கட்டுல விரல் வெச்சிக்குங்க. கண்ண மூடினா துடிப்பு நல்லாத் தெரியும். ஒரு நிமிஷத்துக்கு எத்தினின்னு எண்ணுங்க. யாரும் பேசக் கூடாது, பேசினா எண்ணிக்க தப்பிப் பூடும்." தானும் கண்ணை மூடிக்கொண்டார். கால்களில் இருந்து வலி மெல்ல வடிந்தது. எண்ண மறந்து அப்படியே இருந்துவிட்டார்.

அதே நேரம் தாளாளர் அறையில் ஆதிமூலம் ஒரு விருந்தாளிக்கு டிவியைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹெல்கா என்ற ஜெர்மன்காரப் பெண்மணி. ஆறு குளிர்காலமாகச் செங்கம் சாலைப் பக்கம் வாடகை அறையில் தங்கிக் கண்ணை மூடி உட்கார்ந்து வருகிறவர். அவருடைய ஊர்க்காரர்கள் இங்கே ஏதாவது ஒரு பள்ளிக்கு உதவ விரும்பினார்கள். எந்தப் பள்ளி என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

"லுக் மேடம். ஆல் ஸ்டேண்டிங். மார்னிங் ஸ்டேண்டிங், ஈவினிங் ஸ்டேண்டிங். நோ சிட்டிங்!"

ஹெல்கா முப்பத்தாறு சதுரங்களையும் வருத்தத்தோடு பார்த்தார். பிறகு ஒரு சதுரத்தைக் காட்டி, அங்கே ஏன் யாருமில்லை என்று கேட்டார். எட்டு-பி. வெறும் பெஞ்சுகள். கேமரா நிற்கிறவர்களைப் பார்ப்பதற்காக மாட்டியது. பெஞ்சு மட்டத்துக்குக் கீழே உலகம் இருப்பது அதற்குத் தெரியாது.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் காணாமல் போய்விட்டார்கள் என்று ஆதிமூலம் இரண்டு மாடி ஓடினார். பின்னால் சடையன், அவருக்குப் பின்னால் ஹெல்கா. கதவைத் திறந்து, திட்டுவதற்காக வாயையும் திறந்தார்.

உள்ளே நாற்பத்தொன்பது பேர் தரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஹெல்கா வாசலில் செருப்பைக் கழற்றினார். பூனை போல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஆதிமூலம் திறந்த வாயை அப்படியே மூடினார். மண்டியில் வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிற ஆள் அவர்.

மிஸ் நிறுத்தச் சொல்லாததால் மூன்றாம் முறையாக எண்ணி முடித்த அபிநயா, "எழுபத்தாறு மிஸ்!" என்று கத்தினாள். ஹெல்கா அதை ஏதோ மந்திர எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தை இங்கே யார் தொடங்கியது என்று ஹெல்கா கேட்டார்.

"மீ மேடம்" என்றார் ஆதிமூலம், கொஞ்சமும் தாமதிக்காமல். "ட்ரெடிஷன். தவுசண்ட் இயர்ஸ்."

"பதினோரு வருஷம் சார்" என்று சடையன் காதில் முணுமுணுத்தார்.

"தவுசண்ட் அண்ட் லெவன்" என்று திருத்தினார் ஆதிமூலம்.

இரண்டாம் நாள் சுற்றறிக்கை எண் 112 வந்தது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மல்லாட்டை மண்டியிலிருந்து வந்த ஒருவரால் இவ்வளவு செந்தமிழ் எழுத முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தமிழாசிரியரை இரண்டு மணி நேரம் நிற்க வைத்து எழுதி வாங்கியது. 'நம் பள்ளியின் தொன்மையான அமர்வு மரபின்படி, முதல் பீரியடு முழுவதும் ஆசிரியர்கள் தரையில் கண்மூடி அமர்தல் வேண்டும். மீதி ஏழு பீரியடுகள் வழக்கம் போல் நிற்றல் வேண்டும். வரும் 30-ஆம் தேதி, வெளிநாட்டு அன்பர்கள் முன்னிலையில் மாபெரும் அமர்வு விழா நடைபெறும். அன்று மேடை இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறாரோ அவரே குரு. குரு எழும் வரை எவரும் எழக் கூடாது. குருவை எவரும் எழுப்பவும் கூடாது.' குரு என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டால் அடக்கம் தெரியாது என்றுதான் ஆதிமூலம் அதைப் போடவில்லை.

பள்ளி வாசல் பெயர்ப்பலகையில் 'தொன்மையான அமர்வு மரபு' என்று ஒரு வரி ஏறியது. முதல் பீரியடில் விளையாட்டு ஆசிரியர் விட்ட குறட்டையை, மூச்சுப் பயிற்சி என்று சடையன் பெற்றோர்களுக்கு விளக்கினார்.

வேதாவுக்கு மட்டும் நிலைமை முன்பைவிட மோசமானது. தரையில் உட்காருவது சுலபம். எழுவதற்கு மேசைக்காலைப் பிடிக்க வேண்டும், பிறகு பெஞ்சை, பிறகு அபிநயாவின் தோளை. எழுந்த பிறகு ஏழு பீரியடு. ஒரு வாரத்தில் வலது கணுக்கால் மேல் தோல் கறுத்தது.

"சார், தரை வேணாங்க. சேர்தான் கேட்டேன்" என்று மறுபடி சடையனிடம் போனார்.

"சேர்ல உக்காந்தா அது உக்கார்றது. தரையில உக்காந்தா அது தியானம். கரஸ்பாண்டன்ட் சார் தெளிவா சொல்லிட்டாரும்மா."

"அப்ப முப்பதாம் தேதி?"

"அது அப்படியே இருக்குது. காலையில விழா, சாய்ங்காலம் உங்க லெட்டரு."

இருபத்தொன்பதாம் தேதி வேதா ராஜினாமாக் கடிதம் எழுதினார். மொத்தம் நாலு வரி. தருமன் எட்டிப் பார்த்து, "காரணம்னு போட்ட எடத்துல ஒண்ணும் எழுதலியே" என்றார். "காரணம் கேக்கற பழக்கம் அங்க இல்ல" என்று வேதா அதை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

முப்பதாம் தேதி. மைதானத்தில் பந்தல். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் தரையில், நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் தரையில், ஹெல்காவும் அவருடைய நண்பர்கள் முப்பது பேரும் சொந்தமாகக் கொண்டுவந்த மெத்தைகளில். மேடையில், மான்தோல் அச்சடித்த ரெக்சின் விரிப்பின் மேல், சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு ஆதிமூலம். அவருடைய திட்டம் நாற்பது நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் அமர்வு. ஆனால் அவர் பேச்சைத் தொடங்கும் முன் ஹெல்கா ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கிண்ணம் மறுபடி ஒலிக்கும் வரை யாரும் பேசக் கூடாதாம். அது மறுபடி ஒலிக்க ஒரு மணி நேரமாகும் என்று ஆதிமூலத்திடம் யாரும் சொல்லவில்லை.

கடைசியாக அவர் தரையில் உட்கார்ந்தது மண்டித் திறப்புவிழாப் பூஜைக்கு. இருபதாவது நிமிடத்தில் முகம் சிவந்தது. நாற்பதாவது நிமிடத்தில் வியர்வை மூக்கு நுனியில் நின்று, சொட்டலாமா வேண்டாமா என்று யோசித்தது. காலர் மைக் அவருடைய மூச்சை ஊருக்கே ஒலிபரப்பியது. வெளிநாட்டு அன்பர்கள் தங்கள் மூச்சையும் அதே வேகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கிண்ணம் ஒலித்தது. எல்லோரும் குரு எழுவதற்காகக் காத்திருந்தார்கள். குரு எழவில்லை.

சடையன் மேடையில் தவழ்ந்து போனார். ஆதிமூலம் மைக்கைக் கையால் பொத்தினார்.

"யோவ் சடையா, காலு ரெண்டும் என்னுதே இல்லாத மாரி கீது. சேர் ஒண்ணு கொண்டா."

"ஸ்கூல்ல சேர் ஏதுங்க சார்?"

"என் ரூம்ல."

"பூட்டிக் கீதுங்க. சாவி உங்க பெல்ட்டுக்கு அடியில."

ஆதிமூலம் பெல்ட்டைத் தொட்டார். அதை அவிழ்த்தால் வேட்டியும் கூடவே வரும். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் எதிரே இருந்தார்கள்.

கீழிருந்து ராஜம்மாள், "பக்கெட்டு ஒண்ணு கீது, வோணுமா சார்?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கல்விச்சுடர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மஹாலுக்கு ஆள் அனுப்பு" என்றார் பல்லுக்கு நடுவிலிருந்து.

போகிறவர் எழ வேண்டும், ஆனால் குருவுக்கு முன் எழக் கூடாது; அனுமதி பெற்றுத் தவழ்ந்தபடியே பந்தலைத் தாண்டி, பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் இளஞ்செழியன். மஹாலில் அன்று கல்யாணம். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆக்கினார். காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துத் தேடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை குரு அசையவில்லை. இப்படி ஒரு ஆழ்ந்த நிலையைத் தான் ஆறு வருடத்தில் பார்த்ததில்லை என்று ஹெல்கா பக்கத்து மெத்தைக்காரரிடம் சொன்னார்.

நாற்காலி வந்தது. குருவின் அனுமதியோடு எழுந்த நான்கு ஆசிரியர்கள் ஆதிமூலத்தைச் சம்மணம் கலையாமல் அப்படியே தூக்கி அதில் வைத்தார்கள். கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே தொங்கின. மைக்கைப் பொத்தியிருந்த கை தானாக விலகியது.

"அப்ப்பாடா..." என்றது ஒலிபெருக்கி.

பிறகு முப்பத்தொரு வெளிநாட்டுக் குரல்கள் ஒன்றாக, மெதுவாக, பயபக்தியோடு, "அப்பாடா..." என்றன. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆயிரத்து இருநூறு அப்பாடாக்கள் வேங்கிக்கால் முழுக்கக் கேட்டன.

ரத்தம் கால்களுக்குத் திரும்பியதும் ஆதிமூலம் அலறினார். மரத்துப்போன கால் உயிர் பெறுகிறபோது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டார்கள். கார் வீட்டுக்குப் போய்விட்டது.

மேடையில் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

குரு போய்விட்டார், ஆனால் எழுந்து போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது எழலாமா, கூடாதா? சுற்றறிக்கையில் இதற்கு வழி இல்லை. சடையன் தன் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளின் தோள்களைப் பிடித்துப் பிடித்து எழுந்த வேதா மேடை ஏறினார். நாற்காலியின் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். நகச்சாயம் பாதி உரிந்திருந்தது. '8-பி' மட்டும் முழுதாக இருந்தது. நேராக வைத்தார். உட்கார்ந்தார். கால்களை மேடைக் கம்பியின் மேல் நீட்டிக்கொண்டார்.

ஹெல்கா புதிய குருவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கண்ணை மூடினார். மெத்தைக்காரர்கள் எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

சடையன் போன் போட்டார். "சார், வேதா மிஸ் மேடைச் சேர்ல உக்காந்துட்டாங்க சார்."

"எழுந்திரிக்கச் சொல்லுய்யா!"

"எழுப்பக் கூடாதுன்னு இருக்குது சார்."

"அப்ப மத்தவங்கள எழுப்பி அனுப்பு."

"குரு எழறதுக்கு முன்னாடி எவரும் எழக் கூடாதுன்னும் இருக்குது சார்."

"எவன்யா இத்த எழுதனது?"

சடையன் போனைக் கட் பண்ணினார். நாற்பது வருட உத்தியோகத்தில் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான்.

மணி ஒன்று. சுற்றறிக்கை தனக்கு இல்லை என்று ராஜம்மாள் எழுந்து வகுப்பு வகுப்பாகப் போய்ச் சாப்பாட்டுப் பைகளைக் கூடையில் அள்ளிவந்தார். "அதான் உணவருந்துறது குந்துறதுல சேராதுன்னு எழுதிக் கீதுல்ல, துன்னுங்க புள்ளைங்களா" என்றார். சுற்றறிக்கைகளை ஊரில் முழுசாகப் படித்திருந்தவர் அவர்தான் போல. பிள்ளைகள் எலுமிச்சம்பழச் சாதத்தை மெத்தைக்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள்.

இரண்டரைக்கு மஹாலிலிருந்து பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து, ஒரு சேர் கொறையுது, தாய்மாமன் நின்னுக்கினு கீறாரு என்று சண்டை போட்டார். நிலைமையை விளக்கியதும் அவரும் எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மூன்றரைக்குப் பள்ளி வேன்களும் கீழ்பென்னாத்தூர் மினிபஸ்ஸும் வாசலில் வரிசை கட்டின. பெற்றோர் ஒவ்வொருவராகக் கேட்டுக்குள் தலை நீட்டினார்கள்.

ஆதிமூலத்துக்குப் பயம் வந்தது அப்போதுதான். வெந்நீரில் கால் வைத்தபடி போனில் கத்தினார். "ஜனங்க வந்துட்டாங்களா? இன்னா ஏதுன்னு கேப்பாங்களே! கேட்டா இன்னா சொல்லுவ? அந்தம்மாளுக்கு இன்னாதான் வோணுமாம்?"

சடையன் மேடைக்குத் தவழ்ந்தார். வேதா கண்ணைத் திறந்தார். "புதுசா ஒண்ணும் இல்ல சார். வகுப்புக்கு ஒரு சேர். உக்கார்றதும் நிக்கறதும் எங்க இஷ்டம். எழுதிக் குடுங்க."

"பேப்பர் இல்லியேம்மா."

வேதா கைப்பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, மறுபக்கம் திருப்பிக் கொடுத்தார். இளஞ்செழியன் வாசகம் சொல்ல, சடையன் மேடையிலேயே மண்டியிட்டு எழுதினார். சுற்றறிக்கை எண் 113. தாளாளர் போனில் "ம்" என்றார். அந்த "ம்" ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டு முடிந்ததும் வேதா எழுந்தார்; யாரையும் பிடிக்காமல், நிதானமாக. ஆயிரத்து முந்நூறு பேர் கூடவே எழுந்தார்கள். தாய்மாமன் சார்பாக வந்தவர் நாற்காலியைத் தூக்கப் போனார். அபிநயா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை மஹாலிலிருந்து லாரி வந்தது. ஆசிரியர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். தமிழாசிரியருடையது கிடைக்கவில்லை; ஏதோ ஒரு சீர்வரிசையோடு போய்விட்டிருக்க வேண்டும்.

எட்டு-பியில் மூன்றாவது பீரியடு. வேதா நாற்காலியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் போட்டு, அதன் முதுகில் ஒரு கையை வைத்தபடி சுவாச மண்டலம் நடத்திக்கொண்டிருந்தார். உட்காரலாம் என்று தெரிந்த பிறகு, உட்காரவேண்டும் என்று கொஞ்ச நேரத்துக்குத் தோன்றவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. நாற்பத்தெட்டுத் தலைகளும் மேலே பார்த்தன.

"எட்டு பி, இன்னாத்துக்கு நிக்கறீங்க? சேர் குடுத்துக் கீதுல்ல? உக்காருங்க!"

வேதா ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு, அவர் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே பாடம் நடத்தினார். கால் வலித்தது. அடுத்த பீரியடு, ஸ்பீக்கர் ஏழு-சியைத் திட்டப் போன சமயம் பார்த்து, உட்கார்ந்தார்.